மலைப் பள்ளிகளில் நாங்கள் ஆடிய சரித்திரம்

சரித்திரத்தை நாடகமாகப் போட்டுச் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு: போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் ராஜா தும்மிவிட்டால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று கடைசி பெஞ்சோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் சட்டென்று புரியும்.

நானும் முருகேசன் அண்ணனும் சேர்ந்து இரண்டே பேர் கொண்ட குழு. சேலத்தில் பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்கி, ஜீப்பிலோ யாராவது வாத்தியாரின் டூவீலரிலோ தொற்றிக்கொண்டு மலைப் பள்ளிகளுக்குப் போவோம். நான் கதை சொல்கிறவள். அண்ணன் டோலக் வாசிப்பார். வெள்ளைக்கார வேஷமெல்லாம் அவருக்குத்தான். ஆள் கறுப்பு, ஒல்லி. ஆனால் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் அவரைத் துரை இல்லை என்று சொன்னதில்லை. மற்ற வேஷங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு.

அட்டைக் கல்

வாழவந்திப் பக்கம் ஒரு பள்ளி. காட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு எல்லைக்கல் நட்ட காலத்தைப் பற்றிய நாடகம். அட்டையில் செய்து சாம்பல் பூசிய கல் ஒன்றை வகுப்பின் நடுவில் வைத்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஊர் ஜனங்கள். அண்ணன் அதிகாரியாக வந்து, "நாளையிலிருந்து இந்தக் கல்லைத் தாண்டி மாடு மேய்க்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோக வேண்டும். நாங்கள் எழுதியது அவ்வளவுதான்.

எல்லாரும் கலைந்தார்கள், செல்வி என்ற பெண் மட்டும் போகவில்லை. சாமையும் ஆரஞ்சும் போடும் குடும்பத்துப் பிள்ளை, அதுவரை வாயே திறக்காதவள். கல்லுக்குப் பக்கத்தில் வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். எப்பேர்ப்பட்ட குறுக்குக் கேள்வியையும் சமாளித்துவிடும் அண்ணன் அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் கேட்டது இதுதான்: "ஏனுங்க, எங்க சேர்வராயன் சாமி கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்குதுங்க. நாங்க தாண்டக் கூடாது, சரிங்க. சாமிக்கு எங்களப் பாக்க வரோணும்னா அதுவும் உங்களத்தான் கேக்கோணுங்களா?"

மேகம் இறங்கிய மைதானம்

காப்பி எஸ்டேட் வேலைக்காகக் கீழ்நாட்டு ஜனங்கள் மலை ஏறி வந்த கதையை ஒரு பள்ளி மைதானத்தில் போட்டோம். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தலையில் துணி மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். இரண்டு சுற்று நடந்திருப்பார்கள், மேகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கும் அண்ணனின் டோலக் கேட்கிறது, அவரைக் காணோம். நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அப்போது மேகத்துக்குள்ளிருந்து அம்மா வேஷம் போட்ட பிள்ளையின் குரல் வந்தது. "கைய உட்டுறாத சாமி, பள்ளம் இருக்கும்." நாங்கள் எழுதாத வசனம். அதற்கப்புறம் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மேகம் விலகியபோது தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் ஒருவரையும் காணோம். முன்னால் போகிறவர் தோளில் கையை வைத்துக்கொண்டு மொத்தப் பள்ளியும் ஒரே வரிசையாக மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நாடகம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து சொன்னான்: "எனக்கு முன்னால போறவங்க தோளு மட்டுந்தானுங்க தெரிஞ்சுது. அவங்களும் அப்படித்தான் ஏறி வந்திருப்பாங்களாட்ட இருக்குது."

வெறுந்தட்டு

தாது வருஷப் பஞ்சத்தைப் பாடப் புத்தகம் நாலு வரியில் முடித்துவிடும். நாங்கள் பிள்ளைகள் கையில் தட்டைக் கொடுத்து, கஞ்சித் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்க வைப்போம். பாதி வரிசைக்குள் கஞ்சி தீர்ந்துவிடும். மிச்சப் பேர் வெறுந்தட்டோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. வசனமே கிடையாது. ஒரு பள்ளியில் இதைப் போட்டபோது ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, நெளியவில்லை. தட்டு வைத்திருந்த ஒரு பெண் குழந்தை தனக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அதை எந்த ஒத்திகையிலும் என்னால் சொல்லித்தந்திருக்க முடியாது.

சத்துணவு சமைக்கும் பாப்பாத்தி அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே போய், சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகக் காட்சிக்குள் நடந்து வந்தார். வெறுந்தட்டுக்காரர்களிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தட்டிலும் சோற்றை வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர், நாடகத்த அப்புறம் போட்டுக்கலாமுங்க. நான் இருக்கறப்ப எந்தப் புள்ளையும் வெறுந்தட்டோட நிக்கக் கூடாதுங்க."

பேர் சொல்லும் காட்சி

எஸ்டேட்டில் காலையில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அண்ணன்தான் ரைட்டர். "ஆளு ஒண்ணு, ஆளு ரெண்டு" என்று நம்பரைத்தான் கூப்பிடுவார், பேரைச் சொல்ல மாட்டார். வேலையாட்களாக நிற்கும் பிள்ளைகள் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் முன்னோர் ஒருவரின் பேரைச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக முன்னே வர வேண்டும். ஒரு பள்ளியில் அதைப் போட்ட அன்றைக்கு எஸ்டேட்டுக்கு விடுமுறை என்பதால், அங்கே வேலை செய்யும் பெற்றோர்கள் சிலரும் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

முதல் பிள்ளை "சின்னப்பொண்ணு" என்றது. அடுத்தது "காளியப்பன்". பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வரும்போதே சுவரோரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "ராமாயி, எங்க அம்மாவப் பெத்தவங்க" என்றது. பிறகு இன்னொருவர் ஒரு பேர் சொன்னார். அண்ணன் கையிலிருந்தது வெறும் பழைய நோட்டு. இருந்தும் ஒவ்வொரு பேரையும் உட்கார்ந்து எழுதினார். அந்த இடமே கோயில் மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக நின்றவள் ஆறாம் வகுப்பு மல்லிகா. "எனக்கு யாரு பேரும் தெரியாதுங்க" என்று சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் அவள் மட்டும் முன்னே வரவில்லை. காட்சியை அப்படி அமைத்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் கேட்டுக்கொண்டு வா கண்ணு, நாளைக்கும் நாங்கள் இங்கேதான் இருப்போம் என்றேன்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள். வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லையாம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணனிடம் போய், "வெள்ளையம்மான்னு எழுதிக்கோங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து ஒரு தயக்கமும் இல்லாமல் பதில் சொன்னாள்: "நானே வெச்சதுங்க. பேரு தொலைஞ்சு போச்சுங்க, ஆனா அப்படி ஒருத்தங்க இல்லாம நான் எப்படிங்க வந்திருப்பேன்?"

சரித்திரத்தில் என்ன நடந்தது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து நானும் சொல்லிவிடுவேன். அதையே பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.