கோத்ரியின் மயில்

“விலாங்கு அழுததாம். அந்தக் கண்ணீரில் சேன் நதியே கரை புரண்டதாம்” என்று தாம் எழுதிய செய்யுள் தாளைக் கண்ணருகில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார் அன்செல்ம் கோத்ரி. மீன்காரி பெரீன் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“விலாங்கு எங்கங்க அழுவும்? அதுக்கு நழுவத்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, செதில் தெறிக்குது.”

மீன்தொட்டியின் விளிம்பிலேயே தாளை வைத்து எட்டு வரிகளை அடித்துவிட்டார் கோத்ரி. மூன்று வார உழைப்பு. முகத்தில் வருத்தமே இல்லை; சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவரின் நிம்மதி.

நரியும் நாரையும் பேசும் கதைகளைச் செய்யுளாக்குவது அவர் தொழில். அறுபது வயது. பொய்முடி எப்போதும் இடது காதின்மேல் சரிந்திருக்கும். த்ருவா நகரத் தெருக்களில் கழுதை வண்டி எதிர்ப்பட்டால் தொப்பியைக் கழற்றி வணங்குவார். “நம்ம கதைகளுக்கு எவ்வளவு உழைச்சிருக்கு!” வணக்கம் தமக்கென்று நினைத்து வண்டிக்காரரும் பதிலுக்கு வணங்குவார்.

அரசரின் மானியம் அவருக்குக் கிடைக்கவில்லை. சீமாட்டி வோக்ளேர்தான் தன் மாளிகையில் ஒரு மாடியறையும் சாப்பாட்டு மேசையில் ஓர் இடமும் கொடுத்திருந்தாள். அந்த அறை போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை. சீமாட்டி நல்லவள், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டாள். அவள் கரண்டியைத் தொடும்வரை விருந்தினர் யாரும் சூப்பைத் தொடக் கூடாது.

சென்ற ஞாயிறு விருந்தில், அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் கோத்ரி புதுக் கதையை வாசித்தார். மயில் ஒன்று பறவைகளை விருந்துக்கு அழைக்கிறது. அது தன் தோகையின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் பரிமாறிய தானியம் முளைத்துவிடுகிறது. குருவி பசியோடு பறந்துபோகிறது.

பக்கத்திலிருந்த பாதிரியார் கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரு அந்த மயில்?” என்றாள் சீமாட்டி.

“நம்ம தோட்டத்து மயில்தான், அம்மணி. நாலு நாளா சன்னல்ல உக்காந்து பாத்து எழுதினேன்.” சத்தியமாகத்தான் சொன்னார்.

“அப்ப அந்தக் குருவி?”

“அது நாந்தான். பசி…” சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது. காதுமடல் சிவந்துவிட்டது.

சீமாட்டி அவர் பக்கம் திரும்பினாள். “கதை நல்லாத்தான்யா இருக்கு. மயிலை எடுத்துட்டு வான்கோழியைப் போடும். நான் ஒண்ணும் சொல்லல, மாடியிலயே இரும்.”

பாதிரியார் மேசைக்கடியில் கோத்ரியின் காலை இடித்தார். “சரின்னு சொல்லித் தொலையுமய்யா!”

கோத்ரி கண்ணை மூடினார். உதடுகள் முணுமுணுத்தன. மேசைவிரிப்பின்மேல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கண்ணைத் திறந்தபோது முகம் வாடியிருந்தது.

“வான்கோழின்னா அசை கூடுதே, அம்மணி.”

சீமாட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தபடி கரண்டியை எடுத்தாள். “மயிலே இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் சாப்பிடுங்க!”

கோத்ரியின் காதில் அது விழவில்லை. சேவல் பொருந்துமா என்று மறுபடியும் முதல் விரலிலிருந்து மடக்கிக்கொண்டிருந்தார்.