இரண்டு பச்சைக் கயிறுகள்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ரங்கூன் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவை, குடித்துவிட்டு வந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.
2. அம்மா அவரோடு சண்டை போடுவதையும் பேசுவதையும் விட்டுவிட்டார். சண்டையைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.
3. டாக்டர் அப்பாவுக்குச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, மனசு வைக்க வேண்டும் என்றார்.
4. நான் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் என்னோடு வேலை செய்த பெண், தன் மாமா போகிற ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் ஞாயிறு காலையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பசுந்தாங் பகுதி, நாலாம் மாடி, பச்சைக் கயிறு.
5. அப்பா ஒத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை வர்றேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."
6. நான் தவறான கயிற்றை இழுத்தேன்.

ரங்கூனின் பழைய மாடி வீடுகளில் லிஃப்ட் கிடையாது. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் மின்மணியை நம்ப முடியாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அதே கயிற்றில் சாவியை இறக்குவார். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப் பலகை இல்லை, கயிற்றின் நிறம்தான் முகவரி. அன்று அந்தக் கட்டடத்தில் பச்சைக் கயிறுகள் இரண்டு தொங்கின. மழையில் நனைந்து ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. பின்னிக்கிடக்கும் வயர்களைப் பிரிப்பது என் தொழில். கண்ணாலேயே பிரித்துப் பார்த்து, இதுதான் என்று ஒன்றை இழுத்தேன்.

ஒரு பெண் எட்டிப் பார்த்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. "வாங்க, சூடா இருக்கு" என்று பர்மியத்தில் சொல்லிச் சாவியை இறக்கினார்.

மூன்றாம் மாடி வாசலிலேயே அவர் நின்று அழைத்தார். வெளியே ஏகப்பட்ட செருப்புகள். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல்களில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்பு ஊற்றிய சேமியா, எங்கள் ஊர்க் காலைச் சாப்பாடு. எங்களுக்கும் கிண்ணம் வந்தது. யாரும் அறிவுரை சொல்லவில்லை. நல்ல முறைதான் என்று நினைத்தேன். கூட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். அப்பா இரண்டாவது கிண்ணம் வாங்கினார்.

பிறகு ஒருவர் என் கையில் காகித விசிறி ஒன்றைக் கொடுத்தார். அதில் ஒரு மூதாட்டியின் பெயரும் வயதும் அச்சாகியிருந்தன. இறந்தவர்கள் நினைவாகக் கொடுக்கும் விசிறி. அன்று ஏழாம் நாள். பிக்குகளுக்குப் படைத்த பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு, யாரென்று கேட்பது வழக்கமில்லை.

"அப்பா, இது கூட்டமில்லே. ஏழாம் நாள் சாப்பாடு."

"தெரியும். வாசல்லயே தெரிஞ்சிச்சே."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"நீ கூப்பிட்டே, நான் வந்தேன். ஒரு தடவைன்னு பேச்சு. இதுதான் அந்தத் தடவை. சாப்பாடும் நல்லாயிருக்கு." வாயைத் துடைத்துக்கொண்டார்.

சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர். வீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு முறை கிளப்பவே முடியாது. 

அப்போது சமையலறையில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த தடித்த ஆள் ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். "அக்கா, இரவல் குடுத்த எங்க ஸ்டூலை எடுத்துக்கிறோம். மேலே எல்லாரும் நின்னுக்கிட்டிருக்காங்க" என்றார் வீட்டுக்காரப் பெண்ணிடம்.

"மேலேயா? அங்கேயும் பச்சைக் கயிறா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஆமென்று தலையசைத்தார். "கோஜீ" என்று அப்பாவை அண்ணனாக்கிக்கொண்டார். "சாப்பிட்டாச்சில்லே? ஒரு கை குடுங்க."

இறந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு ஸ்டூலைத் தூக்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா எழுந்தார். "பாத்தியா, சாப்பாட்டைப் போட்டு வேலை வாங்குறான்" என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். அடுக்கித் தூக்கியதும் கை நடுங்கியது. ஸ்டூல்கள் படிச்சுவரில் மோதிச் சடசடத்தன.

"எனக்கும் இப்படித்தான் ஆடிச்சு, கோஜீ. டீக்குவளையை ரெண்டு கையால பிடிப்பேன். ஒண்ணொண்ணா கொண்டாங்க, அவசரமில்லே."

 அப்பா ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். கடைசி ஸ்டூலோடு போனவர் கீழே வரவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஸ்டூலைக் கதவை ஒட்டிப் போட்டு, ஒரு காலை நிலைக்கு வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிவந்து அந்த வீட்டுப் பெண்களோடு கிண்ணம் துடைத்தேன்.

திரும்பும்போது பஸ் எங்கள் வீடு இருக்கும் தின்கன்ஜூனை நெருங்கியது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் ஸ்டூல் தூக்கத்தான் போனேன். அது கூட்டத்துக்கு வந்ததா ஆகாது."

"சாப்பாட்டோட கணக்கு முடிஞ்சதுன்னீங்களே?"

"அது சாப்பாடு. கூட்டத்துக்கு ஒரு தடவை வர்றேன்னு சொன்னேன்ல? அது இன்னும் பாக்கி."

அதன்பின் சில மழைக்காலங்கள் போய்விட்டன. இடையில் அப்பா மறுபடி குடித்தார், ஒருமுறை வாரக்கணக்கில். அந்தத் தடித்த ஆள் எங்கள் வீடுவரை வந்து அவரைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிடங்கில் அப்பாவைத் திரும்ப எடுக்கவில்லை. அம்மா பேசுகிறார், ஆனால் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது இன்னமும் கிட்டே வந்து முகர்ந்து பார்க்கிறார். போன ஞாயிறு அப்பா கூட்டத்துக்குப் போனார். இன்று குடிக்கவில்லை.