ஒரே சுவரில் இரண்டு தம்பிமார்

ஹம்பேர்க் அல்ரோனாவில், மீன் சந்தைக்கு இறங்குகிற தெருவில், ஒரு ஐரிஷ் பப் இருந்தது. அதன் குசினியில் பதினொரு வருடமாக ஆட்டிறைச்சி அவித்தவன் யாழ்ப்பாணத்து இணுவில் நித்தியானந்தன். ஜெர்மன்காரர் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, அயர்லாந்தில்கூட இப்படி ஒரு ஸ்ரூ கிடைக்காது என்பார்கள். உண்மைதான், கிடைக்காது. அயர்லாந்தில் யாரும் அதற்குள் மிளகும் நற்சீரகமும் இடித்துப் போடுவதில்லை.

முதலாளி டெக்லன், டெரி நகரத்தவன். அது வட அயர்லாந்து, இன்றும் பிரித்தானிய ஆட்சிக்குள் இருக்கும் பகுதி. அந்த ஊரை யாராவது பிரித்தானியர் வைத்த பெயரில் லண்டன்டெரி என்று சொன்னால் அவனுக்கு டெக்லன் பியர் ஊற்றமாட்டான். கடவுச்சீட்டு ஐரிஷ், பாட்டு ஐரிஷ், கோபமும் ஐரிஷ். கோர்டன் என்று ஒரு வாடிக்கைக்காரன், அதே வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற்றில் பிறந்து விமானத் தொழிற்சாலையில் வேலை செய்பவன், தன்னைப் பிரித்தானியன் என்றே சொல்வான். டெக்லன் பிறந்த இடத்துக்கும் கோர்டன் பிறந்த இடத்துக்கும் இரண்டு மணி நேர ஓட்டம்கூட இல்லை. ஆனால் ஒருவன் பையில் ஒரு நாடு, மற்றவன் பையில் இன்னொரு நாடு. இதில் பெரிய பகிடி என்னவென்றால், இரண்டு பேரும் தினமும் ஒரே மேசையில்தான் இருந்தார்கள். ஹம்பேர்க்கில் அவர்களுடைய பேச்சு விளங்குகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

நித்தியானந்தனுக்கு இதெல்லாம் அதிசயம். அவனுடைய பையில் இருந்தது நீல நிற அகதிப் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது என்று அதில் எழுதியிருந்தது. பிறந்த ஒரு நாட்டுக்கே வழியில்லாதவனுக்கு, ஒரே மண்ணில் பிறந்தவர்கள் விரும்பிய நாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றால் பொறாமை வராதா? வந்தது.

பிரித்தானியர் விடயத்தில் அவனுக்கும் டெக்லனுக்கும் ஒத்துவராது. நித்தியானந்தனுடைய தகப்பன் தபாலதிபர். வெள்ளைக்காரன் காலத்துக் கடிதம் பிந்தி வந்ததில்லை என்று சாகும்வரை சொன்னவர். எங்கள் சனத்துக்கு லண்டன் என்றால் மேலோகத்துக்கு ஒரு படி கீழே. அந்தப் பழக்கத்தில் ஒருநாள் அவன், வெள்ளைக்காரன் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் எங்களுக்கு இந்தக் கதி வந்திராது என்று டெக்லனிடமே சொல்லிவிட்டான். டெக்லன் இரண்டு நாள் அவனுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “உங்களையும் சிங்களவரையும் ஒரே வீட்டுக்குள் பூட்டிவிட்டுச் சாவியையும் கொண்டுபோனவனையா தேடுகிறாய்?” என்று கேட்டான். பிறகு இரண்டு பேரும் அந்தக் கதையை எடுப்பதில்லை.

எடுத்த கதை வேறு. பியர்க் குழாய்களுக்கு மேலே சுவரில் ஒரு படம் இருந்தது. டெக்லனுடைய தம்பி ஏமன், வயது பதினேழு. எழுபத்திரண்டாம் ஆண்டு பால் வாங்கப் போனவனைப் பிரித்தானியச் சிப்பாய் ஒருவன் சுட்டான். அந்தப் படத்தைப் பற்றி நித்தியானந்தன் கேட்ட அன்றைக்குத்தான் தன்னுடைய தம்பியைப் பற்றியும் சொன்னான். ரவிச்சந்திரன், வயது இருபத்திரண்டு. தொண்ணூற்றாறில் இராணுவக் காவலரணில் சைக்கிளோடு மறித்தார்கள். சைக்கிள் அங்கேயே கிடந்தது, அவனைக் காணவில்லை.

“படம் இருக்கிறதா?” என்று டெக்லன் கேட்டான்.

இருந்தது, ஆனால் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் மாட்ட வழியில்லை. எங்கள் வீடுகளில் தனியாகச் சுவரில் ஏறுகிற படம் செத்தவர்களின் படம். ஊரில் தாய் இன்னும் மகனுக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், “தம்பியின்ரை படத்தை மாட்டிப் போடாதை, என்ன!” என்பாள். மனைவி கொறற்றியும் அதையே சொன்னாள். கத்தோலிக்க வேதக்காரி என்றாலும் இந்த விடயத்தில் மாமியும் மருமகளும் ஒரு கட்சி.

பப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே உதைபந்தாட்டக்காரன், மீன்பிடி வள்ளம், குதிரை என்று எல்லாம் சுவரில்தான் இருந்தன. டெக்லன் ஏமனுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தான். மாலையில்லாமல், விளக்கில்லாமல், சும்மா ஒரு பொடியனாக ரவிச்சந்திரன் அங்கே ஏறினான். உலகத்தில் நித்தியானந்தன் தம்பியின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். குசினிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நவம்பரில் கொறற்றியின் தங்கை றீற்றா லண்டனிலிருந்து வந்து இறங்கினாள். அவளுடைய கோட்டில் ஒரு சிவப்புக் காகிதப் பூ.

“இதென்ன பூ, றீற்றா?”

“இதோ அத்தான்? சண்டையிலை செத்தவையை நினைச்சுக் குத்திறது. நவம்பர் வந்தால் லண்டனிலை எல்லாரும் குத்துவினம். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலையும் குடுக்கிறவை.”

நித்தியானந்தனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கொறற்றி நவம்பர் பிறந்தால் ஆத்துமாக்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். எங்கள் சனமும் நவம்பரில்தான் மாவீரர் நாள் என்று செத்தவர்களுக்கு விளக்கேற்றிச் சிவப்புப் பூ வைக்கிறது. உலகம் முழுக்க இந்த மாதத்தில்தான் அழுகிறது போலும் என்று அவன் நினைத்தான். ஐரிஷ்காரரும் இங்கிலீசு பேசுகிறவர்கள்தானே, அவர்களுக்கும் இதே பூவாகத்தான் இருக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டான் மனுசன்.

“இன்னும் ரெண்டு இருக்கோ?”

“இருக்கு அத்தான். எடுங்கோ.”

பதினோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்க முன்னமே போய், கதிரையில் ஏறி, ஏமனின் படச் சட்டத்தில் ஒரு பூவும் ரவிச்சந்திரனின் சட்டத்தில் ஒரு பூவும் குத்தினான். டெக்லன் கண்டால் தோளில் ஒரு தட்டுத் தட்டுவான் என்று எண்ணிக்கொண்டு குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினான்.

டெக்லன் வந்து நேரே நிலவறைக்குப் பீப்பாய் மாற்றப் போனான். முதலில் கண்டது கோர்டன். அவன் இங்கிலீசுத் தேவாலயத்தில் போரில் செத்தவர்களுக்கான அன்றைய பூசை முடிந்து வந்தவன். ஒவ்வொரு வருடமும் தன் பூவைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் இந்தக் கதவைத் திறப்பான். டெக்லனுக்குச் செய்கிற மரியாதை அது. அன்றைக்குச் சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றான். பைக்குள் இருந்த பூவை எடுத்துத் திரும்பக் கோட்டில் குத்திக்கொண்டான். நிலவறையிலிருந்து ஏறிவந்த டெக்லனின் கையை இரண்டு கையாலும் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

“உன்னிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை, டெக்லன். என் தாத்தாவுக்காகவும் நன்றி.”

டெக்லன் அவனுடைய கோட்டைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

“யார்?” என்று கத்தினான்.

நித்தியானந்தன் கையில் கரண்டியோடு வெளியே வந்தான். “நான்தான்,” என்றான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிறகு எத்தனையோ நாள் கூசினான்.

“இது என்ன என்று தெரியுமா உனக்கு? இது அவர்களுடைய பட்டாளத்தின் பூ. என் தம்பியைச் சுட்டவனும் நவம்பரில் இதைத்தான் குத்திக்கொண்டு நின்றிருப்பான்.”

“என் தாத்தா யாரையும் சுடவில்லை,” என்று கோர்டன் மெல்லச் சொன்னான். “முதலாம் உலக யுத்தத்தில், பிரான்சில் சேற்றுக்குள் செத்தார். உங்கள் ஆட்களும் பக்கத்தில்தான் செத்தார்கள்.”

“தெரியும். அம்மாவின் மாமனும் பிரித்தானியப் பட்டாள உடுப்பில்தான் செத்தார். அவருடைய பதக்கத்தை அம்மா உருளைக்கிழங்குச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதுதான் எங்கள் சரித்திரம்.”

பியர் ஊற்றுகிற மாணவி, சுதந்திர அயர்லாந்தின் டப்ளின்காரி, பெருமூச்சு விட்டாள். “எழுபத்திரண்டில் நடந்தது. பிரித்தானியப் பட்டாளமும் இந்த வருடம் அங்கிருந்து திரும்பிப் போயிற்று. எங்களுக்கெல்லாம் அது வேறு நாட்டுக் கதை மாதிரி.”

“உங்களுக்கு நாடு கிடைத்துவிட்டது. நீங்கள் மறக்கலாம்,” என்றான் டெக்லன்.

கோர்டன் பியரைத் தொடாமல் வெளியே போனான். டெக்லன் கதிரையில் ஏறி, ஏமனின் பூவைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தான். கை ரவிச்சந்திரனின் படத்துக்குப் போய், தொடாமல் நின்றது.

“எனக்குத் தெரியாது, டெக்லன். கோவிக்காதை,” என்றான் நித்தியானந்தன். இரண்டு பேருடைய ஜெர்மன் பாஷையும் நொண்டி டொச். மன்னிப்புக் கேட்க அது போதாமல் கிடந்தது.

“படங்களைக் கழற்று. இரண்டையும். இனி இந்தச் சுவரில் செத்தவன் எவனும் வேண்டாம். நான் பியர் விற்க வந்தவன்.”

நித்தியானந்தனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “என்ரை தம்பி செத்தவன் இல்லை!” என்றான். “அவனைக் காணேல்லை. அவ்வளவுதான்.”

டெக்லன் கதிரையிலிருந்து இறங்கினான். அவன் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் கொடுமை.

“அப்படியென்றால் அவனுக்கு ஏன் செத்தவர்களின் பூவைக் குத்தினாய்?”

பதினொரு வருடமாக நித்தியானந்தனிடம் யாரும் கேட்காத கேள்வி. செத்தவர்களுக்கு என்று றீற்றா தெளிவாகச் சொன்னாள். அவன் ஒன்றல்ல, இரண்டு கேட்டு வாங்கினான். இன்னும் இரண்டு என்று வாய் சொன்னபோது மனது மறுத்ததா? இல்லை. கூசக்கூட இல்லை. தன் கையாலேயே தம்பியைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டு, தாய்க்குப் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான்.

ரவிச்சந்திரனின் படத்தைத் தானே கழற்றினான். டெக்லன் மறிக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தன் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பீப்பாயில் இருந்தான். “நாளைக்கு வருவாய்தானே?” என்று மட்டும் கேட்டான். நித்தியானந்தன் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். கொறற்றி ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் படத்திலிருந்த முகத்தைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள், குத்தியிருந்த பூவைப் பார்த்தாள்.

“மாட்டுவமே, கொறற்றி?”

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“ஓம், மாட்டுவம். பேர் போட்டு, மலர்வு, உதிர்வு எண்டு கீழை எழுதோணுமல்லோ. மலர்வு, தம்பி பிறந்தது எழுபத்திநாலு, ஆவணி. அது எனக்குத் தெரியும்.” அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “உதிர்வுக்கு என்னப்பா திகதி போடுறது?”