நோன்புக்கள்ளனின் வேன்

ஸ்பாக்ஸிலிருந்து தலைநகர் தூனிஸுக்கு வேன் ஓட்டும் தவ்ஃபீக்குக்கு வழியிலுள்ள கழிப்பறைகள் அத்தனையும் அத்துப்படி. எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் தண்ணீர் வராது என்பதுகூடத் தெரியும். பெருங்குடல் புண்ணாகி இரத்தமாய்ப் போகிறவன் வேறு எதைத் தெரிந்துவைத்திருப்பான்? எட்டு இருக்கையும் நிரம்பினால்தான் வேன் கிளம்பும். கிளம்பினால் ஊர் போய்த்தான் நிற்க வேண்டும் என்பார்கள் பயணிகள். அவன் வயிறு அதற்கு ஒத்துக்கொண்டதில்லை.

மற்ற மாதங்களில் ஏதாவது சாக்குச் சொல்லலாம். ரமலானில் வசமாக மாட்டிக்கொண்டான். பகலில் திறந்திருக்கும் ஒன்றிரண்டு காப்பிக் கடைகள் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருக்கும். உள்ளே நோன்பில்லாதவர்கள் சிகரெட்டும் காப்பியுமாக உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறையும் அங்கேதான். வழியில் எல்-ஜெம் ஊரருகே அப்படியொரு கதவுக்குள் ஓடிவிட்டுத் திரும்பினால், எதையாவது தின்றுவிட்டு வந்தானா என்று வேனே அவன் வாயைப் பார்க்கும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வேறு உப்பியிருந்தது.

"நோன்பு வெச்சா மூஞ்சி வத்தும். இவனுக்கு மட்டும் பூரிக்குது பாரேன்!" என்றாள் பின்சீட்டுக்காரி ஒருத்தி, அவன் காதுபடவே.

உண்மையைச் சொன்னால் நோயாளி ஓட்டும் வண்டியில் எவன் ஏறுவான்? நோன்புக்கள்ளன் என்ற பெயரையே சுமந்தான். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டும் அவன் ஒரு நோன்பைக்கூட விடவில்லை. ஊர் சொன்னதை மெய்யாக்கக் கூடாதென்ற வீம்பு.

"நரம்புல ஏத்துன மருந்து ஒரு வருஷம் கேட்டுச்சு, இப்ப கேக்கல," என்றார் டாக்டர் ஸல்வா. "இனி ரெண்டு இருக்கு. ஒண்ணு குடல்ல மட்டும் வேலை செய்ற ஊசி. சாது. ஆனா மெதுவாத்தான் கேக்கும், மாசக்கணக்காகலாம். இன்னொண்ணு மாத்திரை. சில நாள்லயே தெரியும். ஆனா தொத்து சுலபமா வரும், ரத்தம் உறையலாம். நீங்க மணிக்கணக்கா உக்கார்ற ஆளு."

"எது ஒசத்தி டாக்டரம்மா?"

"ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பாத்த ஆராய்ச்சி இல்ல. உங்களுக்கு எது தோதுன்னுதான் பாக்கணும்."

"மாத்திரைய நோன்பு தொறந்து ஒண்ணு, விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு ஒண்ணுன்னு போட்டுக்கலாமா?"

"நோயாளிக்கு நோன்பு வேணாம்னு அல்லாவே விட்டுட்டான், நீங்க விடமாட்டேங்கறீங்களே! சரி, போடுங்க. ஆனா வழியில எறங்கி நடக்கணும். தவறவே கூடாது."

மாத்திரை கேட்டது. இரத்தம் நின்றது. இனி யாரும் தன்னை ஏச முடியாதென்று சந்தோஷமாக நிலையத்துக்குப் போனான். வழக்கத்துக்கு மாறாக அவன் வேன்தான் முதலில் நிரம்பியது. எட்டுப் பேரும் ஆண்கள்.

எல்-ஜெம் அருகே, நடப்பதற்காக நிறுத்தினான். கதவு திறந்ததுதான் தாமதம், எட்டுப் பேரும் செய்தித்தாள் ஒட்டிய கடைக்குள் பாய்ந்தார்கள்.

அவர்களில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஹம்மாதி மட்டும் திரும்பிப் பார்த்தார். "உங்க வண்டி எதுன்னு கேட்டுத் தேடி ஏறுனோம்ல! மத்தவன் எவன் நிறுத்துறான்? உள்ள வாங்க தம்பி."

"நான் நோன்பு."

ஹம்மாதி வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்ககிட்டயுமா?"

தவ்ஃபீக் வேனைச் சுற்றி நடந்தான். வயிறு அமைதியாக இருந்தது, மனசுதான் எரிந்தது. இனி நிறுத்தினாலும் கள்ளன், நிறுத்தாவிட்டாலும் இந்த எட்டுப் பேர் விடமாட்டார்கள். மூன்றாவது சுற்றில் ஹம்மாதி வந்து, பாவம் பார்த்து, சூடான காப்பிக் குவளையை அவன் கையில் திணித்தார்.

திருப்பிக் கொடுப்பதற்குள் ஸ்பாக்ஸ் வேன் ஒன்று அருகே வந்து வேகம் குறைத்தது. உள்ளேயிருந்தவர்கள் ஜன்னலோரம் சாய்ந்து பார்த்தார்கள். ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.