‘இல்லையே?’ என்று கேட்டால்

தையல் கடையில் அக்காவின் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். வாடிக்கையாளர் எது கேட்டாலும் தலையாட்டினால் போதும். பிழைக்க வந்த நாட்டின் மொழியை அவள் பல வருடங்களாக இப்படித்தான் சமாளித்தாள். கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று ஆனதும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அவருக்கு அந்த மொழியில் ‘நன்றி’ மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் டீச்சர் இலக்கணம் நடத்துவதில்லை. ஒரு சிக்கலைக் கொடுப்பார். அந்த மொழியிலேயே பேசித் தீர்க்க வேண்டும். அன்று, டாக்சியில் பயணியின் பை தங்கிவிட்டது. தப்பு யார்மேல்?

வேன் ஓட்டும் தம்பி டிரைவராக நடித்தான். அக்கா பயணி.

“வேறு பை எதுவும் இல்லையே?” என்று அந்த மொழியில் கேட்டான்.

“இல்லை.”

அவன் வாயாலேயே உர்ரென்று வண்டியைக் கிளப்பினான். அக்கா தமிழுக்குத் தாவிவிட்டாள்.

“டேய், நில்லுடா! பை இருக்குன்னுதானே சொன்னேன்?”

“எங்கக்கா சொன்னீங்க? இல்லைன்னீங்க!”

“நீ ‘இல்லையே’ன்ன. ‘இல்ல, இருக்கு’ன்னு சொல்ல வந்தேன். பாதிதான் வாயில வந்துச்சு.”

“பாதியை முழுங்கிட்டு என்னைத் திட்டுறீங்களே!”

வகுப்பே சிரித்தது.

“தமிழ்ல ‘இல்ல’ன்னு ஆரம்பிச்சா ‘நீ சொல்றது தப்பு’ன்னும் ஆகும். இங்க வெறும் ‘இல்லை’ன்னா பை இல்லைன்னுதான் அர்த்தம். நம்ம ஆளுங்க எல்லாரும் இதுலதான் மாட்டுறோம்,” என்றார் டீச்சர்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

“டீச்சர்... நேத்து ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டாங்க, அவருக்கு ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லையேன்னு. நான் ‘இல்லை’ன்னு மட்டும்தான் சொன்னேன்.”

“இருக்கா?”

“பென்சிலின். போட்டா தொண்டை அடைச்சுக்கும். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

“நான் பேசட்டுமா?” என்று டீச்சர் போனுக்குக் கை நீட்டினார்.

“நான் சொன்னதை நானே மாத்துறேன்.”

ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த மொழியில் துண்டு துண்டாகச் சொன்னாள்: “நேற்று இல்லை என்றேன். அது தப்பு. இருக்கிறது. பென்சிலின். அவருக்கு மூச்சு நின்றுவிடும்.”

மறுமுனையில் தாள்கள் புரண்டன. பிறகு நர்ஸின் குரல் தாழ்ந்து வந்தது. “காலையில் போட வைத்திருந்த ஊசியே அந்த வகைதான்.”

“ஐயோ!” என்று வேன் தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“மாற்றச் சொல்லிவிடுகிறேன். வேறு எதுவும் இல்லையே?”

அக்கா வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். பிறகு, ஆமாம், இல்லை இரண்டையும் தொடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“மற்ற மருந்தெல்லாம் அவருக்கு ஒத்துக்கொள்ளும்.”