வெள்ளை விழாத மூன்று வியாழக்கிழமைகள்

என் கணவரின் முகம் முதன்முதலில் வீங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். அவருடைய கன்னம் ஊதி, கண் சிறுத்துப்போனதைப் பார்த்துப் பூரித்துப்போனவர்களில் நானும் ஒருத்தி.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது பத்தொன்பது. எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சாய்ந்தமருதில் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு அவர் நிந்தவூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் வந்து சேர்ந்தார். கல்முனைக் கடைத்தெருவில் வாப்பாவின் புடைவைக் கடையில் இருக்கத் தொடங்கினார். மெலிந்த, வெளிறிய மனிதர். கேட்டால்தான் பதில் வரும்.

வந்த மாப்பிள்ளை மெலிந்திருந்தால் அது பெண் வீட்டுக்கு ஒரு சவால். உம்மா அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்பது வழக்கமில்லை என்பதால், உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டே அவருடைய வயிற்றை ஆண்டார். காலையில் மாசிச் சம்பல், மத்தியானம் இறைச்சி ஆணம், பொரித்த கருவாடு, ஊறுகாய். நான் தட்டோடு உள்ளே போவேன், வெறுந்தட்டோடு வெளியே வருவேன். அவர் ஒரு நாளும் இது வேண்டாம், அது கூடிப்போயிற்று என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் நல்ல பெயரும் இல்லை.

இரண்டு மாதத்தில் முகம் நிறைந்தது. காலையில் எழும்பும்போது கன்னம் இரண்டும் தளதளவென்றிருக்கும். உம்மா அக்கம்பக்கத்துப் பெண்களிடம் மார் தட்டாத குறை.

"மாப்புளக்கி நம்மட சோறு புடிச்சிரிக்கி. மொகத்தப் பாருங்க, எப்பிடிப் பூரிச்சிரிக்கார்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்தவர் கால் உளைகிறது என்றார். எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல இருந்தது. நான் மறுபடியும் அழுத்தினேன். இன்னொரு குழி. ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். சதை வைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று உம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

உண்மையைச் சொன்னது எங்கள் ஆள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், சாரம் வாங்கக் கடைக்கு வந்திருக்கிறார். துணியைப் பார்க்காமல் என் கணவரின் முகத்தையே பார்த்திருக்கிறார். நாளைக் காலையில் எழும்பியதும் போகிற முதல் மூத்திரத்தை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாரும் என்றிருக்கிறார். கடையில் நாலு பேர் இருக்கும்போது இப்படி ஒரு கதை. வாப்பா கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் மருமகனை நான் பட்டினி போட்டா வைத்திருக்கிறேன் என்று கேட்டார். ஆனால் என் கணவர் அன்று மாலையே ஒரு வெறும் பன்னீர்ப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததை நான் கண்டேன். யாரும் சொல்லாமலே கழுவி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சீலை கட்டிய மாட்டு வண்டிலில் நானும் கூடப் போனேன். போத்தலைக் கடதாசியில் சுற்றிப் பன்புல் பைக்குள் வைத்து என் மடியில் வைத்திருந்தேன். நஜீஸான சாமானை மடியில் வைத்துக்கொண்டு போகிறாளே என்று உம்மா வாசலில் நின்று முணுமுணுத்தது வண்டில் திரும்பும் வரை கேட்டது.

அப்போதிக்கரி ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மரக் கவ்வியால் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேற்பாகத்தைச் சூடாக்கினார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தேன். மஞ்சளாகத் தெளிந்து நின்ற நீர் கொதித்தது. கொதித்ததும் மேலே வெள்ளையாகத் திரண்டது. வெந்நீரில் முட்டையை உடைத்து ஊற்றியதுபோல. புளிப்பு மணத்த மருந்து இரண்டு துளி விட்டார். வெள்ளை கரையவில்லை. ஒரு மனிதனின் மூத்திரம் அவிந்து கட்டியாகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"தங்கச்சி, இது மூத்திரத்தில வரக்கூடாத சத்து. ரத்தத்தில நிக்கவேண்டியது" என்றார் அவர். "வடிதட்டில அரிசி கழுவினால் தண்ணி போகும், அரிசி நிக்கும். தட்டு ஓட்டையானால் அரிசியும் சேர்ந்து போகும். இவரின்ர சிறுநீரகம் இப்ப ஓட்டைத் தட்டு."

இன்னொரு குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். அது நீலமாகவே நின்றது. சீனி வருத்தம் இல்லை, அது ஒன்றாவது மிச்சம் என்றார். பிறகு கையில் இரத்தம் எடுத்து மட்டக்களப்புக்கு அனுப்பினார். முகம் எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். கலியாணம் முடித்த இரண்டாம் மாதத்திலிருந்து என்றேன். முன்பு எப்போதாவது இப்படி வந்ததா என்று என் கணவரைக் கேட்டார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார்.

ஒரு கிழமையில் இரத்தத்தின் முடிவு வந்தது. மூத்திரத்தோடு வெளியே போகவேண்டிய யூரியா என்ற கழிவு, இரத்தத்தில் இருக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்கு தங்கியிருக்கிறதாம். சத்து வெளியே போகிறது, கழிவு உள்ளே நிற்கிறது. உப்பை அடியோடு விடவேண்டும், கருவாட்டைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று அப்போதிக்கரி சொன்னார். விட்டால் ஆள் தப்பலாம், விடாவிட்டால் தான் பொறுப்பில்லை என்றார்.

செய்தி நிந்தவூருக்குப் போனது. அவருடைய உம்மா, என் மாமி, ஒரு சிறிய மண்சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சட்டியில் மீன் ஆணம். என் கணவர் அதைச் சாப்பிட்டு முடித்தார். சட்டியைக் கழுவ எடுத்துப் போன நான் அடியில் மிஞ்சியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு கல் உப்புக்கூட இல்லை. நோயைக் கேள்விப்பட்டு இவ்வளவு சீக்கிரம் பக்குவமாக ஆக்கிக்கொண்டு வந்தீர்களே மாமி என்றேன். மாமி அழத் தொடங்கினார்.

"இண்டைக்கி நேத்து இல்ல மகள். பத்து வயசில இவனுக்கு இப்பிடித்தான் வீங்கின. பரிசாரி உப்பு ஆகா எண்டு சொன்ன. அண்டையிலரிந்து இவனுக்கு வேற சட்டிதான்."

அப்படியானால் கலியாணத்துக்கு முன் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமியாரிடம் கேட்கும் குரலில் கேட்கவில்லை.

"மாப்புள ஊட்டாள் வந்து, எங்கட புள்ளக்கி உப்பப் போடாதீங்க எண்டு எந்த மொகத்தோட சொல்லுற? ஒங்கட உம்மாட கைச் சோத்துக்குக் குத்தம் சொன்ன மாதிரிப் போகும். வருத்தக்காரனத் தலைல கட்டப் பாக்காங்க எண்டும் நெனப்பீங்க."

நினைத்திருப்போம்தான். ஒரு வீடு மரியாதைக்காகச் சொல்லவில்லை, ஒரு வீடு மரியாதைக்காகக் கேட்கவில்லை. நடுவில் ஒரு மனிதன் மூன்று வேளையும் கருவாடு தின்று வீங்கியிருக்கிறான். நான் அவனுக்குத் தட்டு ஏந்தியிருக்கிறேன்.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கதவுச் சீலை விலகியது. உம்மா வெளியே வந்தார். கலியாணம் முடிந்து எட்டு மாதத்தில் மருமகன் முகத்துக்கு நேரே அன்றுதான் நின்றார்.

"ஒரு சொல்லு சொல்லியிரிந்தா நான் உப்பில்லாம ஆக்கித் தந்திரிப்பனே மகன்" என்றார்.

என் கணவர் எழும்பி நின்றார். மாமியார் முன் உட்கார்ந்திருக்கக்கூடாதே.

"நல்லா இரிந்திச்சி மாமி" என்றார்.

பத்து வயதிலிருந்து சப்பென்று தின்றவனுக்கு எங்கள் வீட்டில்தான் சோறு ருசித்திருக்கிறது. அவர் சும்மா வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆசைப்பட்டுத் தின்றிருக்கிறார். எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் கூட.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்குமே உப்பில்லை. உம்மா உப்புச் சாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். அப்போதிக்கரி எனக்கு ஒரு குழாயும் கவ்வியும் சின்ன ஸ்பிரிட் விளக்கும் இரவலாகத் தந்து, பார்க்கும் முறையைக் காட்டித் தந்தார். கிழமைக்கு ஒரு தடவை காய்ச்சிப் பார்க்கவேண்டும். கடைசியில் புளிப்புக் காடியான வினாகிரி இரண்டு துளி விடவேண்டும். கழுநீர்போல மங்கினால் கொஞ்சம், தயிர்போலத் திரண்டால் அதிகம், தெளிவாக நின்றால் சத்து போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதை மட்டும் ஒரே நாளில் படித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைகளில் என் கணவர் சின்னப் போத்தலைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து காய்ச்சுவேன். ஒவ்வொரு கிழமையும் தயிர்தான். உப்பில்லாமல் ஆறு கிழமை இருந்தும் தயிர்தான். ஒவ்வொரு கிழமையும் குழாயைப் பிடித்தபடி அழுவேன். அவர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழாம் வியாழன் குழாய் தெளிவாக நின்றது. வினாகிரி விட்டேன். அப்போதும் தெளிவு. நான் போட்ட சத்தத்தில் உம்மா ஓடி வந்தார். அடுத்த வியாழனும் தெளிவு. அதற்கடுத்ததும் தெளிவு. மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தோம். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? முதல் தெளிவு கண்ட அன்றே உப்புச் சாடி பரணிலிருந்து இறங்கியிருந்தது. முதலில் ஒரு சிட்டிகை, பிறகு ஒரு கரண்டி, பிறகு பொரித்த கருவாடு. மாப்பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டார். முகம் மறுபடியும் நிறைந்து வந்தது. உடம்பு தேறுகிறது என்றோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அந்தப் பூனைக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை. முகத்தை நம்பி முதலில் ஏமாந்தோம், இப்போது குழாயை நம்பினோம்.

நாலாவது வியாழன் காலையில் அவருக்கு இருமல். உம்மா தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். நான் வழமைபோல் குழாயை விளக்கில் பிடித்தேன். கொதி வந்தது. ஆவியில் இஞ்சி மணத்தது.

நான் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை. அது கிணற்றுத் தண்ணீர். நிறத்துக்காக ஒரு வாய் தேத்தண்ணிச் சாயம் கலந்திருந்தது. குழாய் கவ்வியிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அவர் கிணற்றடியில்தான் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். ஒளிக்க அவர் முயலவில்லை.

"இது என்ன வேல?" என்று கேட்டேன்.

"நீ ஒவ்வொரு கெழமையும் அழுத புள்ள" என்றார். "அத என்னால பாத்துக்கிட்டு நிக்க ஏலாமப் போச்சி."

அந்தச் சொல்லில் நான் உருகியிருக்கவேண்டும். உருகவில்லை. சட்டென்று இன்னொன்று நெஞ்சில் குத்தியது. அதையும் கேட்டேன்.

"எனக்காகச் செஞ்சயா, உப்புக்காகச் செஞ்சயா?"

புருஷனை ஒருமையில் கேட்டது அன்றுதான். பொய் சொல்லிக் களைத்துப்போயிருந்தார் போல.

"ரெண்டுக்கும்தான்" என்றார்.

அன்றே வண்டில் கட்டினோம். அப்போதிக்கரி என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் என்னைத் திட்டத் தொடங்கினார். பிறகு அவருடைய நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். மறுபடியும் இரத்தம் எடுத்து மட்டக்களப்புக்கு அனுப்பினார். என் கணவரை ஆஸ்பத்திரியிலேயே கிடத்திக்கொண்டார்கள். மூத்திரம் குறைந்து குறைந்து நின்றுபோனது. ஐந்தாம் நாள் அவர் மௌத்தானார்.

இரத்தத்தின் முடிவு எழுதிய கடதாசி, அவருக்குக் கத்தம் ஓதிய ஏழாம் நாள் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் பையன் அதில் இருந்ததை என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். முதல் தடவை இரண்டு மடங்கு. இந்தத் தடவை அதைவிட மிகக் கூட. அந்த மூன்று கிழமை உப்புத்தான் அவரைக் கொண்டுபோனது என்று எனக்கு விளங்கிவிட்டது.

உம்மா உள்ளே இருந்தார். கதவுச் சீலைக்குப் பின்னால், அவர் மருமகனுக்காக எப்போதும் நிற்கும் இடத்தில். ஏழு நாளாக ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. கடதாசியில் என்னவாம் மகள் என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இரிந்திச்சாம் உம்மா" என்றேன்.