மரம் எண்ணப் போன நாள்

காலை 6.40. திருநெல்வேலி ஜங்ஷனில் தென்காசி பஸ் ஏறினேன். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் நாலே கால் ரூபாய். எண்பதுகளின் ஆரம்பம், ஆடி மாதம். பஸ்ஸில் பாதிப் பேர் தோளில் துண்டோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள். நான் மரம் எண்ணப் போகிறவன்.

ஐந்தருவிச் சாலையில், ஓடையை ஒட்டி, வெளியூர் முதலாளி ஒருவர் லாட்ஜ் கட்ட இடம் வாங்கியிருந்தார். அந்தத் தண்ணீரில் நெல் போடும் இலஞ்சிக்காரர்கள் சிலர், ஊர் முழுவதன் சார்பிலும் அதற்குத் தடை கேட்டு வழக்குப் போட்டார்கள். கரையில் இருபத்து மூன்று மருத மரம் நிற்கிறது, வெட்டினால் கரை போய்விடும் என்றார்கள் அவர்கள். அங்கே மரமே கிடையாது, வெறும் புதர் என்றார் முதலாளி. எது மெய் என்று நேரில் பார்த்து எழுத கோர்ட் என்னைக் கமிஷனராகப் போட்டிருந்தது. வக்கீலாகி மூன்றாம் வருஷம், முதல் கமிஷன். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலை பத்து மணிக்கு வருவதாக இரு தரப்புக்கும் முறைப்படி நோட்டீஸ் அனுப்பியிருந்தேன்.

9.05. தென்காசி பஸ் ஸ்டாண்டில் முதலாளி தரப்பு வக்கீல் குமாஸ்தா, அம்பாசடர் காரோடு நின்றார்.

"ஐந்தருவி பஸ்சுல நிக்கக்கூட இடமிருக்காது சார். நம்ம வண்டியிலயே போயிருவோம்."

புத்தி எங்கே போச்சோ, ஏறிவிட்டேன். ஐந்து கிலோமீட்டரில் பேரருவி. கார் அங்கேயே நின்றுவிட்டது.

"குத்தாலத்துக்கு வந்துட்டு தலைய நனைக்காமப் போனா ஊரே ஏசும் சார். பத்தே நிமிசம்!"

எண்ணெய் தேய்த்துவிட ஆள் தயாராக இருந்தார். கல்லில் உட்கார வைத்துத் தலையிலும் முதுகிலும் தாளம் போட்டார். அப்புறம் அருவி. சீசன் தண்ணீர், கேட்கவா வேண்டும்! உள்ளே நின்றால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. என் கைக்கடிகாரம் குமாஸ்தாவின் பையில் இருந்தது. வெளியே வந்தபோது பசி கண்ணை அடைத்தது. அவருக்குத் தெரிந்த லாட்ஜில் இலை போட்டார்கள்.

1.10. ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை நனைந்த சேலையோடு ஒரு பெண் இலைக்கு முன்னால் வந்து நின்றார். மாடத்தியம்மாள், வழக்கின் முதல் வாதி. கோர்ட்டில் பார்த்திருக்கிறேன்.

"வக்கீலய்யா, பத்து மணின்னு எழுதுனது நீங்கதான?"

"ஆமாம்மா, இதோ கிளம்பிட்டேன்..."

"நல்லாத் தின்னுங்க! நீங்க அருவியில குளிக்கியன்னு தகவல் வந்ததும் அங்கன கோடாலிய எடுத்துட்டானுவ. நாங்க நாலு பேரு மறிச்சும் கேக்க மாட்டேங்கானுவ. ஒவ்வொரு லாட்ஜா ஒங்களத் தேடுதேன்யா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எச்சில் கையோடு எழுந்து, குமாஸ்தாவின் பையிலிருந்த என் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

"சாப்பாட்டப் பாதியில விடாதிய சார்," என்றார் குமாஸ்தா.

"சீ, போய்யா!" என்றேன். ஐந்தருவிக்குப் போன டூரிஸ்ட் வேன் ஒன்றை மறித்து ஏறினோம்.

1.35. ஓடைக்கரை. பதினாலு மரம் கீழே கிடந்தது. ஒன்பது நின்றது. ஆறு பேர் பதினைந்தாவதில் ரம்பம் வைத்திருந்தார்கள்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினேன்.

"தடையுத்தரவு இருக்கா சார்?" என்றார் மேஸ்திரி.

இல்லை. பார்க்கவும் எழுதவும்தான் எனக்கு அதிகாரம், நிறுத்தக் கிடையாது. சரி, அதையாவது செய்வோம் என்று நோட்டைத் திறந்து ரம்பக்காரரிடம் போனேன்.

"உங்க பேரு? அப்பா பேரு? ஊரு?"

"எதுக்கு சார்?"

"ரிப்போர்ட்டில் எழுதணும். ஜட்ஜ் படிப்பார். கூப்பிட்டா வந்து சாட்சி சொல்லணும்."

அவர் ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "கூலிக்கு வந்தவன் சார். கோர்ட்டு வாசல் எனக்கு ஆவாது." அடுத்தவர், நான் பேர் கேட்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி என்னென்னவோ சத்தம் போட்டுப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை.

வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளை அளந்தேன். தொட்டால் பச்சை ஈரத்தில் விரல் நனைந்தது. காரில் வந்து சேர்ந்த குமாஸ்தா காதருகே குனிந்தார்.

"வந்த நேரம் பத்தரைன்னு போட்டுருங்க சார். குளிச்சது, தின்னதெல்லாம் எழுதுனா ஒங்களுக்குத்தான் கேவலம்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் பத்தரைக்கே மரம் கிடந்தது என்று எழுதினால், என்றைக்கோ வெட்டியது என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். ஒன்றரை என்று எழுதினால் அதுவரை நான் எங்கே இருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். மாடத்தியம்மாள் விழுந்த மரத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். கார், எண்ணெய், அருவி, இலை, யார் செலவு, எல்லாம். சத்தமாகப் படித்தும் காட்டினேன். குமாஸ்தா கையெழுத்துப் போட மறுத்தார். மாடத்தியம்மாள் போட்டார்.

4.30. தென்காசி பஸ்ஸில் அவரும் ஏறினார். இலஞ்சியில் இறங்கும்போது, "ஒம்பது இருக்குல்லா," என்று மட்டும் சொன்னார். பின்னால் அந்த ஒன்பதுக்கும் தடையுத்தரவு கிடைத்தது. எனக்கு இரண்டு வருஷம் கமிஷன் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரவு 8.15. பாளையங்கோட்டை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்றது. குற்றாலம் போய் வந்தவனை ஊரில் கேட்கும் கேள்வியைத்தான் என் மனைவியும் கேட்டாள்.

"நல்லாக் குளிச்சியளா? எவ்வளவு நேரம் நின்னிய?"

"பதினாலு மரம் நேரம்," என்றேன்.